நாலாவது குருவி

அய்யாக்கண்ணுவின் கையில் ஓலை இருந்தால் குன்றாண்டார்கோவிலில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். மீதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுவார்கள். கணக்குப்பிள்ளை வெயிலுக்குக் குடையை விரித்தால் உள்ளிருந்து ஓலைப் பாம்பு அவர் தோளில் விழும். மண்டபத்தில் தூங்கி எழுகிறவர் கையில் ஓலைக் கடிகாரமும் மூக்கில் ஓலைக் கண்ணாடியும் மாட்டியிருக்கும். பஞ்சாயத்தில் பெரிய மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தால், அவருக்கு அடியிலிருந்து ஓலை ஊதல் ஒன்று மரியாதைக் குறைவாகச் சத்தம் போடும். செய்தவன் மட்டும் அங்கே இருக்கமாட்டான். ஏதாவது ஒரு பந்தல் உச்சியில் ஏறி, பால் மணம் மாறாத முகத்தோடு கயிறு கட்டிக்கொண்டிருப்பான்.

பந்தலுக்குத் தோரணம் மடிப்பதுதான் அவன் பிழைப்பு. விராலிமலைப் பக்கத்திலிருந்து வந்தவன். வயது முப்பதைத் தொட்டும் பெண் அமையவில்லை. அமையாததற்குக் காரணம் ஊரறிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாராக வரவேண்டியவரின் குடுமியில் ஓலைக் கிளியைச் செருகிவிட்டு வந்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஓலையைப் பற்றி அவனுக்கு ஒரு சித்தாந்தமே உண்டு. தென்னங்குருத்தை மட்டையோடு உருவும்போது அது பிரியாத ஒரே பாளமாக, மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் மடிப்புக்கு மடிப்பு தானே விட்டுக்கொடுத்துத் தனித்தனியாகப் பிரியும், ஆனால் எல்லாம் ஒரே மட்டையில்தான் இருக்கும். பனை பாதி தூரம் பிரிந்துவிட்டு, அதற்கு மேல் மனசு வராமல் நின்றுவிடும். ஈச்சை பிரிந்ததோடு நிற்காது, நுனியைக் கூராக்கிக்கொண்டு ஆளைக் குத்தும். வாழை தானாகப் பிரியவே பிரியாது, வெளியிலிருந்து காற்று வந்து கிழித்தால்தான் உண்டு. இதை அப்படியே ஊர்க் குடும்பங்களுக்குப் பொருத்திவிட்டான். பாகம் பிரித்தும் ஒரே முற்றத்தில் நெல் காயப்போடும் அண்ணன் தம்பிகள் பனை வீட்டார். கோர்ட்டு வரை போனவர்கள் ஈச்சை வீட்டார். இந்தப் பெயர்கள் எப்படியோ நிலைத்துப்போய், தபால்காரரே ஈச்சை வீடு எது என்று விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதற்காக அவன் வாங்கிய உதைகளை அவன் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

அவனை வேலைக்கு வைத்திருந்தவர் சேவுகன். சுற்று வட்டாரத்துக்கே பந்தல்காரர். அவர் சிரித்துப் பார்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பந்தக்கால் நட்டால் நூல் பிடித்தது போல நிற்கும், சொன்னால் சொன்ன நேரத்தில் வேலை முடியும். நல்லது கெட்டது இரண்டுக்கும் அவர்தான். இரண்டுக்கும் தோரணம் உண்டு, ஆனால் ஒரே தோரணம் இல்லை. குருத்தோலையைக் கீறி மடித்துத் தொங்கவிடுகிற மடிப்புக்குக் குருவி என்று பெயர். கல்யாணத் தோரணம் என்றால் ஒரு சரத்துக்கு நாலு குருவி. சாவு வீட்டுத் தோரணத்துக்கு மூன்று. எண்ணத் தெரியாத பிள்ளைகூட அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

அய்யாக்கண்ணு வந்து சேர்ந்த பிறகு, மடிப்பு அழகாக இருக்கிறது என்று கல்யாணத் தோரணமெல்லாம் அவன் கைக்குப் போனது. கெட்டதுக்கு மட்டும் சேவுகன் தானே உட்கார்ந்து மடித்தார். துக்க வீட்டில் இவனை விட்டால் பாடையிலேயே கிளி செய்து உட்காரவைத்துவிடுவான் என்று அவருக்குப் பயம். சண்டைக் காலம் வேறு. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்து, பர்மாவுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு கால்நடையாக ஊர் திரும்பிய வருஷத்துக்கு அடுத்த வருஷம் கிராமம் கிராமமாக வாந்திபேதி வந்தது. அந்தக் கோடை முழுக்கச் சேவுகன் மடித்ததெல்லாம் மூன்று குருவிதான். சில நாட்களில் காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர்.

அவருக்கு ஒரே மகள், செங்கமலம். தாயில்லாத பெண். கீற்று முடைவதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும்தான். அய்யாக்கண்ணு அவளிடம் விழுந்த கதைக்கு ஒரு கிணறு காரணம்.

ஊரில் பெரிய தலை அம்பலக்காரர். நிலம் நீச்சு எல்லாம் இருந்தும், கொழும்புக்குப் போய் வந்த தன் மச்சினன் அங்கே கண்ட குட்டைத் தென்னையைப் பற்றிச் சொன்னதிலிருந்து அவருக்கு உறக்கமில்லை. நின்றுகொண்டே காய் பறிக்கலாமாமே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அய்யாக்கண்ணுவிடமும் கேட்டார், அதுதான் அவர் செய்த தப்பு. அவருடைய பழைய கிணற்றின் சுவரிலேயே கல்லிடுக்கில் ஒரு செடி முளைத்திருந்தது. மலை நாட்டில் பெரணி என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகப் பிரிந்த இலை, முழங்கை நீளத்தில் அச்சு அசல் தென்னை மட்டை. அதைப் பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்து, கொழும்புக் கப்பலில் வந்த கன்று என்று சொல்லி அவரிடமே கொடுத்துவிட்டான். நிழலில் வைக்க வேண்டும், வீட்டு எஜமான் கையால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பத்தியமும் சொன்னான்.

அம்பலக்காரர் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார். மழைக்காலம் கழிந்ததும் இலைகளுக்கு அடியில் ஓரத்தோடு ஓரமாகப் பழுப்பாகப் பொடி பொடியாக ஏதோ கட்டியது. பூச்சி விழுந்துவிட்டதோ என்று பதறி ஆளனுப்பினார். அய்யாக்கண்ணு வந்து மண்டியிட்டுப் பார்த்து, பாளை விட்டிருக்கிறது என்றான். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவனுக்கும் ஒரு லோட்டா கிடைத்தது.

ஊரே அந்தத் தொட்டியைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போனது. செங்கமலமும் ஒரு நாள் கீற்றுக் கட்டோடு போனவள் பார்த்தாள். திரும்பி வரும்போது அவனைக் கடந்து போகிற போக்கில், "அந்தத் தென்னையோட ஆத்தா அவுக கெணத்துக்குள்ளதான இன்னமும் தொங்கிக்கிட்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். தெரு முனை திரும்பிய பிறகு அவள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பில் அய்யாக்கண்ணு விழுந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்பலக்காரருக்கு உண்மை தெரிய மேலும் பல மாதங்கள் ஆயின. தெரிந்த பிறகு, பந்தல் வேலை என்றாலொழிய அவர் கண்ணில் படுகிற தெருவிலேயே அய்யாக்கண்ணு நடப்பதில்லை.

முறைக்கு அவன் சேவுகனுக்கு மருமகன்தான், தூரத்து உறவில். ஒரு நாள் துணிந்து பெண் கேட்டுவிட்டான். சேவுகன் கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. இலுப்பூரில் பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துப் போடுகிற பையன் வீட்டிலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள் என்றார். பையன் அடக்கமானவன், அதிர்ந்து பேசமாட்டான் என்றார். அய்யாக்கண்ணு அந்தப் பையனைப் பார்த்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் புளி மூட்டையே தேவலை.

இருந்தாலும் அய்யாக்கண்ணு போகாமல் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, சேவுகன் கடைசியில் வாய் திறந்தார்.

"வார வெள்ளிக்கெழம அம்பலக்காரர் வீட்டுக் கல்யாணம். அது முடியிற வரைக்கும் ஒரு சேட்டையும் இல்லாம இருந்து காட்டு. பெறகு பேசுவோம். எதாச்சும் பண்ணுன, இலுப்பூருக்கு வெத்தல பாக்கு போயிரும்."

சரி மாமா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். சொல்வது சுலபமாக இருந்தது. இருப்பதுதான் பாடாக இருந்தது.

பந்தல் வேலை தொடங்கியது. அம்பலக்காரர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பந்தல் நிழலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அய்யாக்கண்ணு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான். சமையல்காரர் புதுக் குடையைத் தூணில் சாய்த்துவிட்டுப் போனார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீற்று முடைந்துகொண்டிருந்த செங்கமலம் அவன் படுகிற பாட்டையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை, பாம்பு மடிப்பதற்கென்றே அளந்து கிழித்தது போன்ற ஓலை ஒன்றை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் அதை நெருப்பைத் தள்ளுவது போலத் திருப்பித் தள்ளினான். "மேலுக்கு முடியலையா மச்சான்?" என்று கேட்டாள். அவனுக்கு அழுகை வரும் போல இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையில் அம்பலக்காரர் திடீரென்று பந்தலை இன்னும் ஒரு பத்தி நீட்டி, மணமேடையை அங்கே தள்ளிப் போடச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக வருகிறார்களாம். குலை தள்ளிய வாழை மரம் இன்னும் வந்து சேரவில்லை. அதை ஏற்றிவர வண்டியோடு அய்யாக்கண்ணுவை விராலிமலைச் சாலைக்கு அனுப்பினார் சேவுகன். கூடுதல் தோரணத்தை மடிக்க அவரே உட்கார்ந்தார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், இருக்கிற வெளிச்சம் போவதற்குள் முடித்தாக வேண்டும். ஆட்களை அதட்டிக்கொண்டே, அங்கே கயிறு தளர்ந்திருக்கிறது, இங்கே மூங்கில் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ஓலையைப் பார்க்காமலே கை பாட்டுக்கு மடித்துப் போட்டுக்கொண்டே போனார். மடித்ததையெல்லாம் ஆட்கள் மங்கிய வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்காமலே மணமேடைக்கு மேலே கட்டினார்கள்.

மறுநாள் காலை. மேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை தலைப்பாகையோடு மணமேடையில் உட்கார்ந்துவிட்டான், பெண்ணையும் அழைத்து வந்து உட்காரவைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை ராக்காயி என்று ஒரு அம்மாள். குறை இருக்கிற இடத்துக்கு அவள் கண் தானாகவே போகும். முன் வரிசையில் வெற்றிலையை மடித்து வாயில் வைக்கப் போனவள், அண்ணாந்து பார்த்தாள். மடித்த வெற்றிலை அப்படியே கையில் நின்றது.

"இது கல்யாணப் பந்தலா, எழவுப் பந்தலா?"

எல்லாத் தலையும் மேலே நிமிர்ந்தது. மணமேடைக்கு நேர் மேலே, வரிசையாக, சரத்துக்கு மூன்று குருவி. மேளம் நின்றுவிட்டது. பிறகு, மேலே நிமிர்ந்த தலைகள் எல்லாம் ஒன்று போலத் திரும்பி, வாழை மரத்தை ஒட்டி நின்ற அய்யாக்கண்ணுவைப் பார்த்தன. அம்பலக்காரர் முகத்தில் கொழும்புத் தென்னை தெரிந்தது. அவர் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் சேவுகன்.

அய்யாக்கண்ணுவும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஓலையைச் சிறு கத்தியால் கீறுவான், ஓரம் வழவழவென்று இருக்கும். இந்தச் சரங்களின் ஓரம் நார் நாராகப் பிசிறியிருந்தது. நகத்தால் கீறி மடிக்கிற கை இந்த வட்டாரத்தில் ஒன்றுதான். அவன் சேவுகனைப் பார்த்தான். அவர் முகத்தில் கோபம் தவிர வேறு எதுவும் இல்லை. அவர் நடிக்கவில்லை. தன் கை என்ன செய்தது என்று அவருக்கே தெரியாது, இரவில் இவன்தான் சரங்களை மாற்றிக் கட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும். இதை நான் மடிக்கவில்லை, மாமா மடித்தது என்று சொன்னால் தீர்ந்தது, அவன் தப்பித்துவிடுவான். வாக்குத் தவறவில்லை, செங்கமலம் உண்டு. ஆனால் கல்யாணத்தில் சாவுத் தோரணம் கட்டியவர் என்று பெயர் வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு சேவுகனை எந்த வீட்டு நல்லதுக்கும் கூப்பிடமாட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கணக்காக நின்ற மனிதர் மிச்ச காலத்துக்குப் பாடை கட்டியே சாக வேண்டும். இத்தனை நாளும் உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்ததெல்லாம் இதற்குத்தானா என்று அய்யாக்கண்ணு நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் கைகள் முதுகுக்குப் பின்னால் போய், இடுப்பில் எப்போதும் செருகியிருக்கிற குருத்தோலையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டன.

அம்பலக்காரர் சட்டையைப் பிடிப்பதற்குள் அவன் குனிந்து நழுவி மணமேடைக்குப் போய், மாப்பிள்ளை முன்னால் ஒரு பெரிய கும்பிடு போட்டான். கும்பிட்ட கை பிரியும்போது மாப்பிள்ளையின் தலைப்பாகையில் ஒரு ஓலைக் குருவி உட்கார்ந்திருந்தது. வாலை வேறு ஆட்டிக்கொண்டிருந்தது.

"நாலாவது குருவி எங்கன்னு தேடுறீங்க. எல்லாச் சரத்துக் குருவியும் சண்டை போட்டுச்சுங்க, மாப்பிள்ளைய யாரு கிட்டக்கப் போயிப் பாக்குறதுன்னு. கடைசியில இது செயிச்சு வந்துருச்சு" என்றான்.

மாப்பிள்ளை கையை உயர்த்தித் தலைப்பாகையைத் தடவிப் பார்த்தான். குருவி அவன் விரலோடு வந்தது. முதலில் சிரித்தது மணப்பெண்தான். மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தான். பிறகு பந்தலே சிரித்தது. ராக்காயி கொஞ்ச நேரம் பிடிவாதமாக இருந்து பார்த்தாள், முடியவில்லை. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு குருவி வேண்டும் என்று கையை நீட்டிவிட்டாள். மேளம் மறுபடி பிடித்தது. அந்தச் சத்தத்துக்குள் அய்யாக்கண்ணு குரங்கு மாதிரி மேலே ஏறி, மூன்று குருவிச் சரங்களை எல்லாம் உருவி எறிந்துவிட்டு, வாசலில் கட்டியிருந்த தன் சரங்களில் சிலவற்றை அவிழ்த்து வந்து அங்கே கட்டிவிட்டான். தாலி கட்டும் நேரம் தப்பவில்லை. அம்பலக்காரர்கூட மூக்கைச் சுருக்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

சிரிக்காதவர் ஒருவர்தான்.

பந்தி முடிந்த பிறகு, பந்தலுக்குப் பின்னால் கழித்துப்போட்ட ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினார் சேவுகன். குரலை உயர்த்தவில்லை. நல்ல காரியத்தில் சாவுக் குறி வைத்து விளையாடுகிறவன் கையில் என் பெண்ணைக் கொடுப்பதற்கு, கிணற்றில் தள்ளலாம் என்றார். ஊர் சிரித்தது, ஊருக்கு என்ன, ஒரு நாள் சிரிப்பு என்றார். அய்யாக்கண்ணு காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான்.

செங்கமலம் அங்கேதான் ஓலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். உருவி எறிந்த சரம் ஒன்று அவள் கையில் இருந்தது. அதன் பிசிறிய ஓரத்தை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தாள். அய்யாக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை அசைத்தான். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. குவியலிலிருந்து நல்ல குருத்தாக ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"கொல்லை வாசல்ல சரம் ஒண்ணு அந்து போச்சாம்ப்பா. மடிச்சுக் குடுங்க, கட்டிட்டு வாரேன்."

சேவுகன் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் வசவை நிறுத்தவில்லை. இன்றோடு நீ உன் ஊரைப் பார்த்துப் போகலாம் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே நகத்தால் கீறினார், மடித்தார். இலுப்பூர்ப் பையன் உன்னை மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதை மடித்தார். மூன்றாவதை மடித்து, நுனியைக் கிள்ளி முடிச்சுப் போட்டு மகளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எண்ணிப் பாத்துட்டுக் குடுங்கப்பா."

அவர் குனிந்து பார்த்தார். தன் கையை அந்நியன் கையைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கோடையில் அவர் போய் வந்த வீடுகள் எல்லாம் அவர் முகத்தில் வந்து போயின. கீரனூர்ப் பக்கம் ஒரே வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டியது, போன மாதம் பிறந்த ஊரில் சொந்தத் தம்பிக்குக் கட்டியது. எதற்கும் அழாமல் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர். அய்யாக்கண்ணுவுக்கு அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மேல கட்டியிருந்ததும் ஏங் கைதானா?" என்றார்.

"என்ன மாமா சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியலையே" என்றான் அய்யாக்கண்ணு, பால் மணம் மாறாத முகத்தோடு.

சேவுகன் அவன் முகத்தைப் பார்த்தார். இவன் இதுவரை ஊரில் செய்த சேட்டைகளிலேயே பெரியது இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. இப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறான் என்பதும் தெரிந்தது. முடிச்சை அவிழ்த்தார். சரத்தை அவனிடம் நீட்டினார்.

"ஒண்ணு கொறையுது. நீயே மடிச்சுரு. எனக்கு வரமாட்டேங்குது."

அவன் வாங்கி மடித்தான். ஊரையே ஆட்டி வைத்த விரல்களுக்கு அன்றைக்கு அந்த ஒரு குருவி சரியாக வரவில்லை, கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. செங்கமலம் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சேவுகன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். இலுப்பூருக்கு ஆள் அனுப்ப வேண்டும், வெற்றிலை பாக்கு மாற்ற வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றார்.

"நான் போயிச் சொல்லிட்டு வரவா மாமா?" என்றான் அய்யாக்கண்ணு.

"நீ வேண்டாம்" என்றார் சேவுகன். "நீ போனா, அந்தப் பயலையே கல்யாணத்துக்குப் பந்தி வெளம்ப வரச்சொல்லிட்டு வந்துருவ."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு என்னவோ போல ஆகிவிட்டது. உதடு கோணியது, தோள் குலுங்கியது. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டதோ என்று செங்கமலம் பதறிப்போய்ப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.